பீசூ அல்ல, பிஜூ

கல்முனையில் கடை திறக்கிறவர்கள் பெயர் வைக்க மூளையைக் கசக்குவதில்லை. தன் பெயரை வைக்கலாம், மகனுடைய பெயரை வைக்கலாம், மக்காவையோ மதீனாவையோ வைக்கலாம். யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். இந்த நேரான வழியை விட்டுவிட்டு ஸுஹைறா, பெருந்தெருவைப் பார்த்த தன் வீட்டு முன்னறையைக் கடையாக்கி அதற்கு ‘பிஜூ’ என்று பெயர் வைத்தாள். அன்று போன நிம்மதி இன்னும் திரும்பி வரவில்லை.

கடையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஸ்கார்ஃபில் குத்துகிற பின், முத்து வைத்த புரோச், மணி கோத்த வளையம், பிள்ளைகளின் தலைமுடிக்குக் கிளிப். பாதிக்கு மேல் அவள் கையால் கம்பி முறுக்கிச் செய்தவை. வாங்க வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போனால் என்ன? போகமாட்டார்கள். முதலில் பெயரைக் கேட்பார்கள்.

“ராத்தா, ஆரு இந்த பைஜூ? மலையாளத்தானா?” என்று முதல் நாளே கேட்டவள் பக்கத்து வீட்டு சுல்பிகா.

“ஆளில்லகா. அது ஒரு சொல்லு.”

“அப்ப ஏன் ஆள்ர பேர் மாதிரி இரிக்கி?”

அடுத்த வாரம் பாண்டிருப்பிலிருந்து மின்சார வேலை செய்கிற ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். பதின்மூன்று அம்பியரில் இரண்டு பியூஸ் வேண்டும் என்றார். ஸுஹைறா கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, இது பின் விற்கிற கடை என்றாள். “அப்ப ஏன் அக்கா பியூஸ் எண்டு எழுதி ஒட்டியிருக்கிறீங்க?” என்று அவர் கோபித்துக்கொண்டு போனார். அவருக்குத்தான் கோபம். நேரம் கெட்டது அவருக்காம்.

கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதிலை ஒப்புவித்தாள். “பிரெஞ்சுச் சொல்லு. சின்னதா, வடிவா, நுணுக்கமா இரிக்கிற சாமானுக்குச் செல்றது.” கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு தவறாமல், அப்படியென்றால் தமிழில் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மணி கோப்பாள்.

மகள் ஸப்னா ஒலுவில் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கிறாள். அவளும் போனில் தேடிப் பார்த்து, உம்மா சொல்வது சரிதான், சின்னதும் வடிவானதுமான எதற்கும் அப்படிச் சொல்வார்களாம் என்று சான்றிதழ் கொடுத்தாள். ஆனால் அந்தச் சொல்லை உம்மா ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்பது மகளுக்கும் தெரியாது, கணவன் பக்கீருக்கும் தெரியாது. ஸுஹைறா சொன்னதில்லை. அது கடைக்காகத் தேடிப் பிடித்த சொல் இல்லை. ஒரு காலத்தில் அது அவளுடைய பெயர்.

பெயர் விஷயத்தில் அவளுக்கு என்றைக்கும் ராசி இருந்ததில்லை. வாப்பா ஆசையாக வைத்தது ஸுஹைறா. பதிவுக் கந்தோரில் அதைச் சுகைரா என்று எழுதிக் கொடுத்தார்கள். உம்மா கடைசிவரை கூப்பிட்டது ‘கிளி’ என்று. கலியாணம் முடித்தவுடன் பக்கீர்ர பொண்டாட்டி ஆனாள். ஸப்னா பிறந்த பிறகு ஊருக்கெல்லாம் ‘ஸப்னாட உம்மா’. பக்கீருக்கோ அந்த இரண்டு சொல்லும் பாரம். அவர் கூப்பிடுவது ‘இஞ்ச’ என்று, ‘இங்கே பார்’ என்பதில் முதல் பாதி. இருபத்தாறு வருடமாக ‘இஞ்ச’. சந்தைக்குள் அவர் ‘இஞ்ச’ என்றால் நாலு பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சுனாமி வந்து கரையோரத்து வீட்டைக் கதவு நிலையோடு அள்ளிக்கொண்டு போன அடுத்த வருடம், ஸப்னாவுக்கு அப்போது மூன்று வயது, ஸுஹைறா லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பிள்ளையைப் பக்கீருடைய ராத்தாவிடம் விட்டுவிட்டுப் போனாள். கொழும்பில் ஆள் அனுப்புகிறவன் எந்த அவசரத்திலோ அவளுக்கு வேறொருத்தியின் பெயரில் பாஸ்போட் எடுத்துக் கொடுத்தான். விமான நிலையத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவள் விலாவில் இடித்த பிறகுதான் எழும்பினாள்.

பெய்ரூட்டில் அந்தப் பெயரும் தேவைப்படவில்லை. அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே வேலைக்காரி என்பதற்குச் சொல் ‘ஸ்ரீலங்க்கிய்யா’தான். பிலிப்பீன்ஸ்காரியும் ஸ்ரீலங்க்கிய்யா, எத்தியோப்பியாக்காரியும் ஸ்ரீலங்க்கிய்யா. “எங்கட ஸ்ரீலங்க்கிய்யா பிலிப்பீன்ஸ்காரி” என்று ஒரு வீட்டுக்கார மதாம் சொன்னதை ஸுஹைறா தன் காதாலேயே கேட்டாள். நாட்டின் பெயரைப் பிடித்து விளக்குமாறு ஆக்கிவிட்டார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. எரிந்து என்ன செய்ய? ஸ்ரீலங்க்கிய்யா என்று கூப்பிட்டால் ஓடிப்போய் நின்றாள்.

அந்த வீட்டில் மதாமுடைய மாமி ஒருத்தி இருந்தாள். எண்பது வயதைத் தாண்டியவள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெரிய குடும்பத்துப் பெண். ஞாபகம் மட்டும் கழன்றுவிட்டிருந்தது. மகனையே யாரென்று கேட்பாள். ஸுஹைறா அவளைப் பெரிய மதாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டாள். போய்ச் சேர்ந்த முதல் கிழமை, பெரிய மதாமுடைய கதிரைக்குப் பக்கத்தில் முட்டுக்காலில் நின்று தரை துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் மெதுவாகக் கையை நீட்டி ஸுஹைறாவின் தலையைத் தடவினாள். “பிஜூ,” என்றாள். “ஆ, பிஜூ!”

அப்படியொரு குரலை ஸுஹைறா அந்த வீட்டில் அதற்கு முதல் கேட்டதில்லை. மதாமுடைய பள்ளிக்கூடம் போகிற மகளிடம், பிஜூ என்றால் என்ன என்று தனக்குத் தெரிந்த அரபியில் கேட்டாள். சின்னதாக, அழகாக, பெறுமதியாக இருக்கிற பொருளுக்குச் சொல்வது என்று அந்தப் பிள்ளை சொன்னாள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸுஹைறாவும் சேர்ந்து சிரித்தாள். ஆள் கொஞ்சம் குள்ளம்தான். சின்னது என்பது சரி. மற்ற இரண்டையும் அதுவரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

ஆறு வருடம் அவள் பெரிய மதாமுக்குப் பிஜூவாக இருந்தாள். காலைக் கோப்பியோடு வருகிற விசுக்கோத்தில் பாதியைப் பெரிய மதாம் உடைத்து அவளுக்குத் தருவாள். மற்றவர்கள் முன்னால் ஸுஹைறா உட்காரக்கூடாது. பெரிய மதாம் மட்டும் “அசி, பிஜூ, அசி” என்பாள். அசி என்றால் உட்கார். காலடியில் விரிப்பில் அவள் உட்காருவாள். முதுகெலும்பு கொஞ்சம் ஆறும். கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையை நினைத்து அழுத நாட்களில், யாரோ ஒருத்தி நம்மைப் பார்த்து நல்ல பெயர் ஒன்று வைத்திருக்கிறாளே என்பது ஒரு பிடிமானமாக இருந்தது. பெரிய மதாம் மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு அவள் ஊருக்கு வந்தாள். வரும்போது சின்னக் கொப்பி ஒன்றில் ஐந்து ஆங்கில எழுத்துகளை எழுதிக்கொண்டு வந்தாள்.

அந்த ஐந்து எழுத்துத்தான் பதினாலு வருடம் கழித்துக் கடைப் பெயராயிற்று. அதற்காகத்தான் பியூஸ்காரரிடம்கூட அவ்வளவு பேச்சு வாங்கினாள். இப்போது புரிகிறதா, ஏன் பல்லைக் கடித்தாள் என்று?

முதலில் அந்த ஐந்து எழுத்தை வெறும் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தாள். போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முந்தி, சரியான பெயர்ப்பலகை போட் ஒன்று போடலாம் என்று நிந்தவூரிலிருந்து அஹ்ஸனைப் பிடித்தாள். போட் அடிப்பதில் கெட்டிக்காரன், கையில் மூன்று போன், எந்த நேரமும் ஒன்றில் கதைத்துக்கொண்டே இருப்பவன். மேலே ஆங்கிலத்தில் பெரிதாக, கீழே தமிழில். பெயரை அவள் போனில் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். “ஓம் ராத்தா, வெளங்கிட்டு,” என்றான்.

சனிக்கிழமை காலையில் போட்டைக் கொண்டுவந்து பூட்டிவிட்டு அவன் போய்விட்டான். ஸுஹைறா தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, கண் நிறையப் பார்க்கலாம் என்று திரும்பினாள். மேலே ஆங்கிலம் சரியாக இருந்தது. கீழே, பத்தடி நீளத்துக்கு, தங்க நிறத்தில், ‘பீசூ’ என்று இருந்தது.

இந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட அந்த இரண்டு எழுத்துக்கும் தனித்தனியாகப் பொருள் தெரியும். கக்கூசுக்குப் போக வேண்டுமென்றால் எந்தக் காரியத்துக்கு என்று உம்மாவிடம் சொல்வதற்கு அவர்கள் கற்றுக்கொள்கிற முதல் இரண்டு சொற்கள் அவைதான். குர்ஆன் மத்ரஸா விட்டு வந்த பிள்ளைகள் போட்டுக்குக் கீழே கூட்டமாக நின்று ராகம் போட்டு வாசித்தார்கள். ஒரு ஓட்டோக்காரன் ஓட்டோவை மெதுவாக்கி, “ராத்தா, உள்ளுக்குத் தண்ணி வசதி இரிக்கா?” என்று கேட்டுவிட்டுப் பறந்தான். சுல்பிகா சிரித்துச் சிரித்து மதிலைப் பிடித்துக்கொண்டாள்.

ஸுஹைறா உள்ளே ஓடிப்போய்க் கட்டில் விரிப்பை உருவிக்கொண்டு வந்து, கதிரையில் ஏறி, கீழ்ப் பாதியை மூடிக் கட்டினாள். பிறகு அஹ்ஸனுக்குப் போன் அடித்தாள்.

“ராத்தா, என்ட கொம்பியூட்டர்ல ‘ஜூ’ அடிச்சா பெட்டிதான் விழுது. அதான் ‘சூ’ போட்ட. சத்தம் ஒண்டுதானே?”

“ஒண்டா? ஒண்டாடா? தெருவுல போற பிள்ளையள்ட்ட வந்து கேளு, ஒண்டா எண்டு! ‘பி’க்கு என்னத்துக்குடா வால நீட்டின?”

“இங்கிலீசுல பீ எண்டுதானே ராத்தா வரும்?”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே ஒரு முறை முறைத்தாள். திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து கழற்றிப் புதிதாக அடித்துத் தருவதாக அஹ்ஸன் சத்தியம் பண்ணினான்.

இதுதான் சமயம் என்று பக்கீர் வந்து உட்கார்ந்தார். சாகாமத்துப் பக்கம் கொஞ்சம் வயல் செய்கிறார். விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவில் அவருக்கு யோசனைகள் நிறைய வரும். “இஞ்ச, எப்படியும் புதுசா அடிக்கத்தானே போற? பேர மாத்து. பக்கீர் பேன்சி எண்டு போடு. பாவிக்கவும் லேசு, ஆரும் சிரிக்கவும் மாட்டாங்க.”

“கடைய நடத்துறது ஆரு?”

“அது நீதான். பேருக்குத்தானே செல்ற.”

“பேருக்குத்தான் நானும் செல்றன். பிஜூதான்.”

“அந்தச் சொல்லுல அப்படி என்னதான் இரிக்கி?” என்றார் அவர். பதில் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் தேநீர்க் கடை வரை போகும் என்று தெரிந்து விழுங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடை வாசலில் ஒரு ஓட்டோ ‘புஸ்’ என்று காற்றுப் போய் நின்றது. அறுகம்பைக் கடற்கரைக்குப் போகிற வெள்ளைக்காரி ஒருத்தி அதிலிருந்து இறங்கினாள். ஓட்டோக்காரர் சில்லைக் கழற்றிக்கொண்டு பஞ்சர் ஒட்ட ஓடினார். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்த அந்தப் பெண் அண்ணாந்து போட்டைப் பார்த்தாள். கீழே கட்டில் விரிப்பு, மேலே ஐந்து எழுத்து. இரண்டு கையையும் தட்டி “பிஜூ!” என்று கத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

ஒரு பிழையும் இல்லாமல் அந்தச் சொல்லைச் சொன்ன முதல் வாடிக்கைக்காரி. ஸுஹைறாவுக்குத் தன்னையறியாமல் முகம் மலர்ந்தது. ஸப்னாவைக் கூப்பிட்டாள். அவள் வந்து ஆங்கிலத்தில் கதை கொடுத்தாள். வந்தவளின் பெயர் கத்தெல். பிரான்சுக்காரிதான், ஆனால் அதைச் சொல்லும்போதே ஒரு திருத்தமும் சொன்னாள்.

“உம்மா, இவ பிரான்ஸ்ல மேக்குக் கடலோரமாம். பிரெத்தோன் எண்டு ஒரு சனமாம். அவங்களுக்கு வேற பாஷையாம். இந்தச் சொல்லு பிரெஞ்சே இல்லையாம், அவங்கட பாஷையில இருந்து களவெடுத்ததாம்.”

“களவெடுத்ததா?”

கத்தெல் தன் சுட்டுவிரலை நிமிர்த்திக் காட்டினாள். “பிஸ்,” என்றாள். விரல். பிறகு மோதிர விரலில் கிடந்த வெள்ளி வளையத்தைத் தொட்டு, “பிஸூ,” என்றாள்.

ஸப்னாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “விரலுக்கு பிஸ். விரல்ல போடுற மோதிரம் பிஸூ. அந்த மோதிரத்தத்தான் பிரெஞ்சுக்காரன் எடுத்து பிஜூ ஆக்கி, முதல்ல நகைக்குச் செல்லி, மறுகா சின்னதா வடிவா இரிக்கிற எல்லாத்துக்கும் செல்லத் தொடங்கினானாம். சின்ன ஊட்டுக்கும் செல்லுவாங்களாம் உம்மா!”

ஸுஹைறா தன் வெறும் விரலைப் பார்த்தாள். மோதிரமா? பெரிய மதாம் தன்னை மோதிரமே என்றா கூப்பிட்டாள்? அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதைக் கேட்க ஊரையே கூட்டி வைத்திருக்க வேண்டும். பியூஸ்காரரை முன் வரிசையில் உட்கார வைத்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் பெய்ரூட்டில் பொறுக்கிய பிரெஞ்சில் நாலு சொல்லை எடுத்து விட்டாள். நன்றி மதாம், உட்காருங்கள் மதாம்.

அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். பாஷை தெரிந்த ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் கத்தெல் ஆங்கிலத்தை விட்டுவிட்டு நேராக அவளிடம் பிரெஞ்சில் பொழியத் தொடங்கினாள். பாதி புரியவில்லை. தன் சித்தி வீட்டில் என்பது புரிந்தது. சின்னது என்பது புரிந்தது. பிஜூ என்றாள், மறுபடி பிஜூ என்றாள். நடுவில் ‘ஷியன்’ என்றாள். கையைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் பிடித்துக் காட்டினாள். எங்கள் ஊரில் நாலு வீட்டுக்கு ஒன்று இருக்கும் என்பதுபோல விரல்களை மடக்கி விரித்துச் சிரித்தாள்.

ஷியன் என்ற சொல் ஸுஹைறாவுக்கு நன்றாகத் தெரியும். பெய்ரூட் வீட்டுக்கு மேல்மாடியில் ஒன்று இருந்தது. அது குரைக்கும்போதெல்லாம் மதாம் முகட்டைப் பார்த்து அந்தச் சொல்லைத்தான் கத்துவாள். ஷியன் என்றால் நாய்.

“என்ன உம்மா செல்றா? பிரெஞ்சில செல்றா, எனக்கு வெளங்கல்ல,” என்றாள் ஸப்னா.

“ஒண்டுமில்ல. கடை நல்லாரிக்காம்.”

கத்தெல் மூன்று புரோச் வாங்கினாள், ஸுஹைறாவை அணைத்துக் கன்னத்தில் கன்னம் வைத்தாள், சில்லு வந்ததும் போய்விட்டாள். ஸுஹைறா மணிப் பெட்டியை மூடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஐந்து எழுத்தை அவள் எங்கே பார்த்து எழுதினாள்? பெரிய மதாமுடைய மேசை லாச்சியில் ஒரு தோல் பட்டி கிடந்தது. சின்ன மணி தொங்கும், பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டியிருக்கும். பெரிய மதாம் சின்னப் பிள்ளையில் கையில் கட்டின பட்டி என்று அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். கையில் கட்டுவதா? அந்த நீளத்துக்கு எந்தப் பிள்ளையின் கை இருக்கும்? தலையைத் தடவினது, விசுக்கோத்தை உடைத்து நீட்டினது, ‘அசி, பிஜூ, அசி’ என்றது, பள்ளிக்கூடப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. ஞாபகம் கழன்ற கிழவி, செத்துப்போன நாய் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். அவ்வளவுதான் விஷயம்.

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். கிழவி மேலா, அந்தப் பிள்ளை மேலா, கேளாமல் வந்து விளக்கம் கொடுத்த இந்த வெள்ளைக்காரி மேலா என்று பிடிபடாத ஆத்திரம். அறுகம்பைக்குப் போகிறவளுக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா காற்றுப் போக? நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு தரம் கழுவுகிற ஊர் இது. பெயரை எத்தனை தரம் கழுவுவது? மஃரிப் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூ எடுக்கும்போது, தலையை ஈரத்தோடு தடவி மஸ்ஹு செய்த கை அங்கேயே கொஞ்சம் நின்றது. ஆறு வருடம் தடவப்பட்ட தலை. அப்போதுதான் அழுகை வந்தது.

திங்கட்கிழமை பத்து மணி என்ற அஹ்ஸன் பதினொன்றரைக்கு வந்தான். ஏணியைச் சாத்தி, மடிக்கணினியைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் திறந்து வைத்துக்கொண்டு, “இந்தத் தரம் ‘ஜூ’ விழுது ராத்தா, புது எழுத்து எறக்கிட்டன்,” என்றான். “என்ன அடிக்கிற? செல்லுங்க.”

ஸுஹைறா மணிப் பெட்டியைத் திறந்து எதையோ தேடினாள். அதைப் பார்த்த பக்கீருக்குத் தெம்பு வந்துவிட்டது. “பக்கீர் பேன்சி எண்டு அடி தம்பி. அவக்கும் வெறுத்துட்டு போல.”

அஹ்ஸன் அடித்தான். திரையில் ‘பக்கீர் பேன்சி’ என்று விழுந்தது. ஒரு பிழையும் இல்லாமல், முதல் தரத்திலேயே சரியாக விழுந்தது. அதைப் பார்த்ததும்தான் ஸுஹைறாவுக்குத் தாங்கமுடியாமல் போயிற்று.

“அழிடா அத,” என்றாள்.

“உம்மா?” ஸப்னா உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

“நேத்து அந்த வெள்ளக்காரி செல்லிட்டுப் போனது என்ன தெரியுமா? பிஜூ எண்டு அங்க நாய்க்குத்தான் பேர் வைக்கிறதாம். கேட்டுக்குங்க எல்லாரும். பெய்ரூட்டுல ஒரு கிழவி என்ன அந்தப் பேரால கூப்புட்டா. ஆறு வருஷம் கூப்புட்டா. எனக்கு வெச்ச பேர் எண்டு நான் நெனச்ச. அது அவட செத்த நாய்ட பேர். இப்ப சிரிங்க.”

யாரும் சிரிக்கவில்லை. பக்கீருக்கு மட்டும் ஒரு பக்கத்து உதடு துடித்தது. மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அதுவும் நின்றது.

“அப்ப மாத்துறது நல்லதுதானே,” என்றார் மெதுவாக. “நாய்ட பேர் நமக்கு என்னத்துக்கு?”

“என்னத்துக்கா? அந்த ஊட்டுல நாய்க்குப் பேர் இரிந்திச்சி. எனக்கு இரிக்கல்ல. ஸ்ரீலங்க்கிய்யா, இஞ்ச வா, அத எடு, இதத் துடை. பாஸ்போட்டுலயும் வேற எவளோட பேர். அந்தக் கிழவி ஒருத்திதான் என்னக் கண்டா மொகம் மலந்து ஒரு பேரச் செல்லிக் கூப்புட்டா. அது நாய்ட பேரா இரிந்தா இரிந்துட்டுப் போகட்டும். மோதிரத்துக்கு வெச்சத நாய்க்கு வெச்சாங்க, நாய்க்கு வெச்சத எனக்கு வெச்சாங்க, நான் அதக் கடைக்கு வெக்கிறன். அங்க இருந்து நான் கொண்டு வந்தது அந்த ஒண்டுதான். அதையும் உட்டுட்டு ஒங்கட பேர மாட்டிக்கொண்டு இரிக்கச் செல்றீங்களா?” அவளுக்கு மூச்சு வாங்கியது. “நீங்களும்தான். இருபத்தாறு வருஷம் ‘இஞ்ச’. எனக்குப் பேர் ஒண்டு இரிக்கி எண்டு தெரியுமா ஒங்களுக்கு?”

பக்கீர் தரையைப் பார்த்தார். ஸப்னா உம்மாவின் தோளைப் பிடித்தாள், ஸுஹைறா உதறிவிட்டாள். அஹ்ஸனுடைய மூன்று போன்களில் ஒன்று அடித்தது. அவன் அவசரமாக அதை வாயடைத்தான்.

“அப்ப… என்ன அடிக்கிற ராத்தா?”

“பிஜூ.”

“கீழ உரிமையாளர் எண்டு போடுறதா?”

“போடு. உரிமையாளர், ஸுஹைறா.”

அஹ்ஸன் அடித்து முடித்துத் திரையைத் திருப்பிக் காட்டினான். அவள் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, சரி என்றாள். அவன் ஏணியில் ஏறிப் பழைய போட்டைக் கழற்றத் தொடங்கினான். ஸுஹைறா கதிரையில் விழுந்து உட்கார்ந்தாள்.

பக்கீர் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். பிறகு, கூச்சத்தில் காது சிவக்க, தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“ஸுஹைறா… ஒரு தேத்தண்ணி ஊத்துறியா?”

அவளுக்கு வந்த எரிச்சலில் எழும்பியே விட்டாள். “வாழ்க்கையில முதல்தரம் பேரச் செல்றீங்க, அதுக்குப் பின்னால ஒரு வேலையும் செல்றீங்களா? போங்க. நீங்க போய் ஊத்திக் கொண்டு வாங்க. எல்லாருக்கும்.”

மறுபேச்சில்லாமல் பக்கீர் குசினிக்குள் போனார். கேத்தல் மூடி விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. அலுமாரிக் கதவு திறந்து மூடியது, மறுபடி திறந்து மூடியது.

“ஸுஹைறா,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “சீனி எங்க இரிக்கி?”

ஸப்னா வாயைத் திறந்தாள். ஸுஹைறா அவள் கையை அழுத்திப் பேசவிடாமல் தடுத்தாள்.

“ஸுஹைறா! சீனி!”

இன்னும் ஒரு தரம் கூப்பிடட்டும் என்று ஸுஹைறா இருந்தாள்.